மதகுக்கு ஆளிருக்க மதில் எதற்கு?

"திறந்த மூலம் நல்ல விசயந்தான், ஆனால் அது கொம்பனிக்குள் ஒத்துவராது." மென்பொருள் தொழிலில் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்கிறார்கள். கொழும்பின் பெரிய நிறுவனங்களிலும் இதே பேச்சு, கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறிய அலுவலகங்களிலும் இதே பேச்சு. ஏன் ஒத்துவராது என்று கேட்டால் நான்கு காரணங்கள் வரிசையாக வரும். திறந்த மூலம் நேரம் உள்ள தொண்டர்களின் வேலை. நமக்கோ வாடிக்கையாளரும் தவணையும் இருக்கின்றன. எல்லோரும் கைவைக்கும் பண்டத்துக்கு எவரும் பொறுப்பில்லை. இன்று பக்கத்துக் குழுவுக்குக் காட்டிய நிரல் நாளை போட்டிக்காரனின் மேசையில் கிடக்கும். கடைசியாக, மேலே ஒரு 'சேர்' இருந்து அதட்டாவிட்டால் நம்மவர்கள் வேலை செய்யமாட்டார்கள். பார்வைக்கு இவை நான்கு. அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: திறந்தால் பொறுப்புப் போய்விடும், பூட்டினால் பொறுப்பு நிற்கும். அந்த நம்பிக்கை பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். பூட்டிய குழுவுக்குள் பொறுப்பு என்பது நிறுவன வரைபடத்தில் எழுதிய ஒரு பெயர். திறந்த நடைமுறையில் அது திகதியும் காரணமும் ஆளின் பெயரும் சேர்ந்த ஒரு பதிவு. முன்னதை மறுக்கலாம், மறக்கலாம். பின்னதை முடியாது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். எதிர்ப்பவர்களில் பலர் வேறொன்றை எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொம்பனியின் நிரலை உலகத்துக்குக் கொட்டிவிடுவது பற்றி இங்கே பேச்சில்லை. நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் விடும் திறந்த மூலத் திட்டங்கள் வேலை செய்யும் முறையை நிறுவனத்தின் சுவருக்குள்ளே கொண்டுவருவதற்கு 2000ஆம் ஆண்டில் பதிப்பாளர் டிம் ஓரைலி 'இன்னர் சோர்ஸ்' என்று பெயரிட்டார். அதன் சாரத்தை நான்கு விதிகளாகச் சொல்லலாம். நிறுவனத்தில் உள்ள எவரும் எந்தக் குழுவின் நிரலையும் வாசிக்கலாம். எவரும் அதில் ஒரு திருத்தத்தை எழுதி முன்வைக்கலாம். அந்த நிரலுக்குப் பொறுப்பானவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். எதைச் செய்தாலும் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். பிழைகளும் தீர்மானங்களும் எல்லோரும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது விதியைக் கவனியுங்கள். வாசிக்கும் உரிமை எல்லோருக்கும், சேர்க்கும் உரிமை பொறுப்பாளருக்கு மட்டும். முதல் விதியைக் கேட்டவுடனேயே எழுந்து போய்விடுகிறவர்களின் காதில் மூன்றாவது விழுவதில்லை.

விதியாகச் சொன்னால் வறண்டு தெரியும். பெறுமதி சேர் வரியை வைத்துப் பார்ப்போம். இலங்கையில் வற் வீதம் 2019 டிசம்பரில் 15இலிருந்து 8க்கு இறங்கியது. 2022 ஜூனில் 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் மீண்டும் 15. 2024 ஜனவரியில் 18. ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை, நான்கு மாற்றம். ஒரு நிறுவனத்தில் மூன்று குழுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று புடவைக் கடைக்கும், ஒன்று ஹார்ட்வெயாருக்கும், ஒன்று ஹோட்டலுக்கும் மென்பொருள் செய்கிறது. ஒருவர் நிரலை மற்றவர் பார்ப்பதில்லை என்பதால் வரிக் கணக்கை மூவரும் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பொருளுக்குப் பொருள் சதத்தை முழுமையாக்கிவிட்டுக் கூட்டுகிறார். அடுத்தவர் எல்லாவற்றையும் கூட்டியபின் முழுமையாக்குகிறார். மூன்றாமவர் வீதத்தை இருபது இடங்களில் வெறும் எண்ணாகவே எழுதியிருக்கிறார். அறிவித்தல் வந்த இரவில் மூன்று குழுவும் விழித்திருக்கும். ஹோட்டல் குழு ஒரு தவறைப் பிடித்துத் திருத்தினால் அந்தத் திருத்தம் அந்த மேசையோடு நின்றுவிடும். அதே தவறைப் புடவைக் குழு இரண்டு மாதம் கழித்து ஒரு முதலாளியின் ஏச்சிலிருந்து கற்றுக்கொள்ளும். நிரல் திறந்திருந்தால் வரிக் கணக்கு ஓரிடத்தில், ஒரு பொறுப்பாளரின் கீழ் இருந்திருக்கும். தவணை நெருக்குவதால் திறக்க நேரமில்லை என்கிறார்கள். அந்த நேரத்தைத் தின்றதே பூட்டுத்தான்.

நம் கிழக்குக் கரைக்குத் திறந்த நிரல் கேள்விப்படாத கதையும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்கு ஊர் எண்ணினால் பத்தாயிரத்தைத் தாண்டும். காணாமற் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே எதைக் கொடுக்கிறது என்ற கணக்கு அந்த நாட்களில் நாட்டில் எவர் கையிலும் முழுதாக இருக்கவில்லை. அப்போது கொழும்பின் மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர்கள் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசனைச் சுற்றிக் கூடி, சில வாரங்களுக்குள் 'சஹானா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். அவசரத்தில் எழுதிய முதற் பதிப்பைப் பிறகு புதிதாக எழுதி, எந்த நாடும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்தார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010இல் ஹெயிட்டி என்று அது நாடு நாடாகப் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் அதற்கே கிடைத்தது. இதைச் சொல்லி நெஞ்சு நிமிர்த்திவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவது நம் வழக்கம். அதிலிருந்து எழ வேண்டிய கேள்வி வேறு. வெவ்வேறு இடங்களில் வேலை பார்த்தவர்கள் ஒரே நிரலில் கைகோர்க்க முடிந்திருக்கிறது. அதே நாட்டில், ஒரே கொம்பனியின் ஒரே மாடியில் இருக்கும் இரண்டு குழுக்களால் மட்டும் அது முடியாது என்றால், குறை ஆட்களில் இருக்க முடியாது. அவர்களுக்கு விதித்திருக்கும் விதியில்தான் இருக்க வேண்டும்.

"அது ஆபத்துக் காலத்துத் தொண்டு, சம்பள வேலைக்கு அது பொருந்தாது" என்பது உடனே வரும் பதில். திறந்த மூலம் என்றாலே இரவில் சும்மா இருக்கும் இளைஞர்களின் பொழுதுபோக்கு என்ற படம் இருபது ஆண்டுக்கு முன்பே கிழிந்துவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் நடக்கும் வேலையில் 80 வீதத்துக்கு மேல் செய்வோர் அதற்காகவே சம்பளம் வாங்குபவர்கள் என்று லினக்ஸ் பவுண்டேசனின் அறிக்கைகள் காட்டின. அவர்களுக்கும் தவணை உண்டு, முகாமையாளர் உண்டு. நிறுவனத்துக்குள்ளே இந்த முறையைக் கொண்டுவந்தவர்களும் தொண்டர்கள் அல்லர். ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தார் தங்கள் முயற்சியை 2002இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். மருத்துவக் கருவிகள் செய்யும் பிலிப்ஸ், வாகன உதிரிகள் செய்யும் பொஷ், பணப் பரிமாற்றம் செய்யும் பேபால் எல்லாம் பின்னால் வந்தன. ஒரு சதம் பிசகினாலோ ஒரு கருவி பிழைவிட்டாலோ வழக்குக்குப் போக வேண்டிய தொழில்கள் இவை. நம் நாட்டிலேயே டபிள்யூஎஸ்ஓ2 இருக்கிறது. 2005இல் தொடங்கிய அந்த நிறுவனம் தன் மென்பொருளை அப்பாச்சி உரிமத்தில் உலகத்துக்கே திறந்துவைத்து வியாபாரம் செய்தது. 2024இல் சுவீடனின் ஈக்யூடி அதை வாங்கியபோது விலை 60 கோடி டொலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. வெளி உலகத்துக்குத் திறந்த ஒரு கடை இந்த விலைக்குப் போயிருக்கிறது. பக்கத்து அறைக்குத் திறந்தால் கடை கவிழ்ந்துவிடும் என்று சொல்பவர்கள்தான் இனிக் கணக்குக் காட்ட வேண்டும்.

அடுத்தது, பலர் கைவைத்தால் எவரும் பொறுப்பில்லை என்ற வாதம். நான்கிலும் கேட்க நியாயமாக ஒலிப்பது இதுதான். இதற்கு நன்றாக ஆராயப்பட்ட ஒரு பதில் அமெரிக்காவின் லூசென்ட் நிறுவனத்தில் இருக்கிறது. இணையவழித் தொலைபேசி அழைப்புகளுக்கான ஒரு மென்பொருளை அங்கே விஜய் குர்பானி எழுதத் தொடங்கினார். நிறுவனத்தின் வேறு வேறு குழுக்கள் அதைக் கேட்டு வாங்கின; வாங்கியவர்கள் தங்கள் தேவைக்கேற்பத் திருத்தங்களும் அனுப்பினார்கள். ஆரம்பத்தில் எதைச் சேர்ப்பது என்று ஒருவரே தீர்மானித்தார். குழுக்கள் பெருகியபோது ஒரு மையக் குழு அமைந்தது. ஒவ்வொரு புது அம்சத்துக்கும் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை கொண்டுபோக ஒருவர், பயன்படுத்தும் குழுக்களோடு பேசி இணைக்க வேறு சிலர் என்று பொறுப்புகள் பிரிந்தன. 2006இலும் 2010இலும் அவர்களே எழுதி வெளியிட்ட அனுபவம் இது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், கைகள் கூடக்கூடப் பொறுப்புக் கரையவில்லை, பெயர் பெயராகப் பிரிந்து தெளிவடைந்தது. வெளியாள் ஒருவரின் திருத்தத்தை ஏற்பதா மறுப்பதா என்று எழுத்தில் சொல்ல வேண்டி வந்தால், யார் சொல்வது என்ற கேள்வியை எந்த நிறுவனமும் தள்ளிப்போட முடியாது. பூட்டிய குழுவில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. எழாததைத்தான் பொறுப்பு இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதுமில்லை. சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து வயல்களில் வட்டவிதானை என்று ஒருவர் இருக்கிறார். வயல் அவருடையதல்ல, வாய்க்காலும் அவருடையதல்ல. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தீர்மானித்த திகதிப்படி நீர் விடுவதும், முறை மாறினால் பதில் சொல்வதும் அவர் கடமை. யாரும் வாய்க்காலைப் பார்க்கலாம், எங்கே உடைப்பு என்று சொல்லலாம், மண் போட உதவலாம். மதகில் கை வைப்பவர் ஒருவர்தான். திறந்த மூலத் திட்டத்தின் பராமரிப்பாளர் செய்வது இதே வேலை. மதகுக்கு ஆளில்லாத வாய்க்காலைத் திறந்த வாய்க்கால் என்று யாரும் சொல்வதில்லை. அது கேட்பாரற்ற வாய்க்கால். எதிர்ப்பவர்கள் கேட்பாரற்றதைப் பார்த்துவிட்டுத் திறந்ததைக் குற்றம் சொல்கிறார்கள்.

பூட்டினால் பொறுப்பு நிற்கும் என்பவர்கள் பிரித்தானியத் தபால் அலுவலகத்தின் கதையை முழுதாக வாசிக்க வேண்டும். அங்கே உப தபாலகங்களுக்கு 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் கொடுக்கப்பட்டது, செய்தது ஃபுஜிட்சு. மென்பொருள் காட்டிய பற்றாக்குறைக்கு உப தபாலதிபர்கள் மீது களவு, பொய்க் கணக்கு என்று வழக்குப் போட்டார்கள். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். அவர்களில் நம் தெற்காசியப் பூர்வீகத்தினரும் நிறையப் பேர். நிரலில் பிழைகள் இருந்தன என்று 2019இல் மேல் நீதிமன்றம் சொன்னது. 2024இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கியது. இதில் மிகக் கசப்பான துணுக்கு ஒன்று உண்டு: அறியப்பட்ட பிழைகளுக்கான பதிவேடு ஒன்று உள்ளே இருந்துகொண்டேயிருந்தது, அதை வெளியே எடுப்பதற்கே வழக்கில் போராட வேண்டியிருந்தது. இன்னர் சோர்ஸ் இருந்திருந்தால் இந்த அநியாயம் நடந்திராது என்று நான் சொல்லவரவில்லை. அதன் வேர் அதிகாரத்தின் திமிரில் இருந்தது. ஆனால் பிழையை அறிந்தவர் ஒரு பக்கமும் அதனால் சிறைக்குப் போனவர் மறுபக்கமும் இருக்க, நடுவில் வழி இல்லாமற் செய்தது மதில்தான். பூட்டிய அறையில் பொறுப்பு இருந்திருந்தால் அது இருபது ஆண்டு தூங்கியிருக்காது.

பாதுகாப்புக் கேள்விக்கு வருவோம். திறந்த மூலத்தின் புண்களை மறைத்து வாதாடுவது நேர்மையல்ல. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை, உலகின் பாதி இணையம் நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு ஆண்டு கண்ணில் படாமல் இருந்தது. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்கதவு வைத்தது வெளிவந்தது. ஆனால் இந்த இரண்டிலும் காரணம் என்ன? ஓப்பன் எஸ்எஸ்எல்லை முழுநேரமாகக் கவனிக்க விரல்விட்டு எண்ணவும் ஆளில்லை. எக்ஸ்இசட்டைத் தனியாகச் சுமந்து களைத்திருந்த ஒருவரிடம், உதவி செய்பவர்போல ஓர் ஆள் ஆண்டுக்கணக்கில் நெருங்கி நம்பிக்கையைப் பெற்றார். சம்பளமில்லாத பராமரிப்பு: இதுதான் திறந்த மூலத்தின் உண்மையான பலவீனம். கொம்பனிக்குள் அந்தப் பலவீனமே இல்லை. பராமரிப்பாளர் சம்பளக்காரர், திருத்தம் அனுப்புபவர் முகம் தெரிந்த சக ஊழியர். எக்ஸ்இசட் பின்கதவைக் கண்டுபிடித்தவரும் மைக்ரோசொஃப்டில் சம்பளம் வாங்கும் ஒரு பொறியியலாளர், அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட். உள்நுழைவதற்கு அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டு நிரலைத் தோண்டினார். அவர் தோண்ட முடிந்தது அது திறந்திருந்ததால். திருட்டுப் பயத்துக்கும் ஒரு சொல்: திருடனுக்கு வேண்டியது வாடிக்கையாளர் தரவும் கடவுச்சொற்களும். அவை நிரலுக்குள் இருக்கவே கூடாது. இருக்கிறதென்றால் அதுதான் முதற் குற்றம். தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமே வந்துவிட்டது. பூட்டை அங்கே போடுங்கள். வரி கணக்கிடும் நாற்பது வரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மேசையில் ஒட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது.

இனி, "நம்மவர்களுக்கு அதட்டல் வேண்டும்" என்பது. இது வாதமே அல்ல, நம்மைப் பற்றி நாமே பரப்பும் அவதூறு. கூகிள் நடத்தும் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தின் முதற் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொரட்டுவை. முகம் தெரியாத பராமரிப்பாளருக்குத் திருத்தம் அனுப்பி, மறுப்பு வாங்கி, திருத்தி, மீண்டும் அனுப்பி வென்ற பிள்ளைகள் நம் நாட்டவர்தான். கணினிக்கு வெளியே இன்னும் வலுவான சாட்சி நம் அம்பாறை மாவட்டத்திலேயே இருக்கிறது. பட்டிப்பளை ஆற்றை மறித்த கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை, நாட்டிலேயே மோசமாகச் சீர்குலைந்தது என்று பெயர் வாங்கியிருந்தது. 1981இல் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே விவசாயிகள் அமைப்புகளை உருவாக்கத் தொடங்கின. நீர்ப் பங்கீட்டில் விவசாயிக்கும் வாய்திறக்க இடம் கிடைத்தது. 1997 சிறுபோகத்தில், குளத்தில் நீர் போதாது, நெல் வேண்டாம் என்று அதிகாரிகள் சொன்னபோது, அந்த அமைப்புகள் நீரைச் சமமாகப் பங்கிட்டு 65,000 ஏக்கரில் வழக்கத்தைவிட நல்ல விளைச்சல் எடுத்தன. போர் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் மேற்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் கீழ்ப்பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்கு நீர் விட்டார்கள் என்று ஆய்வாளர்கள் நோர்மன் அப்ஹொஃபும் விஜயரத்னவும் பதிவு செய்திருக்கிறார்கள். அதட்டலில் விளையாதது கணக்குத் திறந்திருந்ததில் விளைந்தது. தண்ணீருக்கு அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்த மனிதர்களால் முடிந்தது, பட்டம் பெற்ற பொறியியலாளர்களால் முடியாதா?

ஆனாலும் அந்த எதிர்ப்புக்குள் ஓர் உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் அலுவலகங்களில் மூத்தவரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது சிரமம். 'சேர்' எழுதியதில் பிழை இருந்தால் இளையவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து நண்பரிடம் சொல்வார். இதைத்தான் எழுத்து மாற்றுகிறது. திறந்த நடைமுறையில் ஒருவர் மற்றவரைக் குற்றம் சொல்வதில்லை, நிரலின் 112ஆம் வரியைப் பற்றிக் கேட்கிறார். ஒரு வரியைப் பற்றி எழுத்தில் கேட்பதற்கு, கூட்டத்தில் எழுந்து நிற்பதற்கு வேண்டிய துணிவு தேவையில்லை. மீள்பார்வைக்குப் போகும் நேரம் வீண் என்பவர்களுக்கு மருதமுனைத் தறி பதில் சொல்லும். நெய்யும்போதே அறுந்த இழையைக் கண்டால் ஒரு முடிச்சோடு போயிற்று. சாரன் மடித்துக் கடைக்குப் போனபின் கண்டால் துணியே கழிவு.

இந்தக் கரைக்கென்று ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமானது. அங்கே படித்தவர்களும் வேறெங்கோ படித்து ஊர் திரும்பியவர்களும் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் காலம் இது. பூட்டிய நிறுவனத்தில் முடிவுகள் தேநீர்க் கோப்பையோடு கொரிடோரில் எடுக்கப்படும். சாய்ந்தமருதில் இருப்பவருக்கு அந்தக் கொரிடோர் இல்லை. முடிவு எழுத்தில் இருந்தால்தான் அவர் சமமான ஊழியர். இல்லாவிட்டால் சொன்னதைச் செய்யும் கூலி. நிறுவனத்துக்கும் இதில் நட்டம் உண்டு. வாடிக்கையாளர் பெயரைத் தேடும் ஒரு மென்பொருளை நினைத்துப் பாருங்கள். படிவத்தில் முதற் பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி. கிழக்கின் முஸ்லிம் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; ஏ.எல்.எம். என்றும் எம்.ஐ.எம். என்றும் முன்னெழுத்துகள் வரிசையாக நிற்கும். முகம்மது, முஹம்மது, முஹம்மத், முகமது என்று ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்படும். ஒரே ஆள் நான்கு வாடிக்கையாளராகப் பதிவாவார். இந்தக் கோளாறு கொழும்பில் படிவத்தை வடிவமைத்தவர் கண்ணில் படாது; இந்தக் கரையில் பிறந்தவருக்கு முதல் நாளே தெரியும். பூட்டிய நிறுவனத்தில் அவர் செய்யக்கூடியது முறைப்பாடு ஒன்று எழுதிக் காத்திருப்பது. திறந்த நிறுவனத்தில் அவரே திருத்தத்தை எழுதி அனுப்பலாம். நோவை அறிந்தவரின் கையில் மருந்தைக் கொடுப்பதுதான் இந்த முறையின் முழுப் பயன்.

"ஆறு பேர் வேலை செய்யும் சின்னக் கடைக்கு இதெல்லாம் எதற்கு" என்றும் கேட்பார்கள். பெரிய நிறுவனத்தைவிடச் சின்னக் கடைக்கே இது உயிர்ப் பிரச்சினை. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்த நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். ஆறு பேர் அலுவலகத்தில் கையிருப்புக் கணக்கின் நிரலை எழுதியவர் ஒருவர். அதை வேறு எவரும் திறந்து பார்த்ததில்லை. அவருக்குக் கட்டார் விசா வந்த அன்று அந்த நிரல் அநாதை. மிஞ்சியவர்கள் தெரியாத வீட்டில் இருட்டில் சுவர் தடவுவதுபோல அதைத் தடவுவார்கள், அல்லது புதிதாக எழுதத் தொடங்குவார்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் இன்னொருவர் வாசித்துத்தான் சேர்க்க வேண்டும் என்ற ஒரே விதி இருந்தால், எந்த நிரலையும் அறிந்தவர் குறைந்தது இருவர் எப்போதும் இருப்பார்கள். ஊழியர் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அவரோடு அறிவும் விமானம் ஏறுவதைத் தடுக்கலாம்.

இத்தனையும் சொன்னபின் ஒரு கண்டிப்பும் வேண்டும். எல்லா நிரலையும் ஒரே களஞ்சியத்தில் கொட்டிவிட்டு 'இன்னர் சோர்ஸ் செய்கிறோம்' என்று பலகை மாட்டும் முகாமையாளர்களால் இந்த முறைக்குக் கெட்ட பெயர் வருகிறது. பொறுப்பாளர் பெயர் எழுதாமல் திறந்தால் கிடைப்பது குழப்பந்தான். எதிர்ப்பவர்கள் அஞ்சுவது அப்போது நடக்கும். இன்னொரு தந்திரம்: பக்கத்துக் குழுவுக்கு உதவு என்று சொல்லிவிட்டு அதற்கு ஒரு மணித்தியாலமும் ஒதுக்காமல், வார இறுதியில் செய் என்பது. அது ஊழியரின் உழைப்பை இலவசமாக உறிஞ்சுவது. அடுத்தவர் நிரலை வாசிப்பதும் திருத்துவதும் சம்பள நேரத்துக்குள் வர வேண்டும், ஆண்டு மதிப்பீட்டிலும் எண்ணப்பட வேண்டும். இதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவை மறைக்காமல் சொல்லலாம், ஏனென்றால் பூட்டின் செலவு இதைவிடப் பெரிது. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை என்பதால் மட்டும் சின்னதாகத் தெரிகிறது.

ஆகவே நிறுவனம் நடத்துபவர்களுக்கு ஒரே வேண்டுகோள். எல்லாவற்றையும் நாளைக்கே திறக்க வேண்டாம். எல்லாக் குழுவுக்கும் தேவையான ஒரேயொரு கூற்றை எடுங்கள்; வரிக் கணக்கே போதும். அதற்கு ஒரு பொறுப்பாளரின் பெயரை எழுதுங்கள். அதன் நிரலையும் பிழைப் பதிவேட்டையும் நிறுவனத்தில் உள்ள எல்லோருக்கும் திறவுங்கள். வரும் திருத்தங்களை ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத வையுங்கள். அடுத்த முறை வற் வீதம் மாறும் இரவில், உங்கள் அலுவலகத்தில் எத்தனை மேசையில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.